பிறவி நுரையீரல் கோளாறுகளில் ரத்தக் குழாய் மாற்றங்கள்: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் நீர்க்கட்டி மாதிரி ஏதோ தெரிகிறது என்று ஸ்கேன் சொன்னதும், எல்லார் கண்ணும் அந்தக் கட்டியின் மேலேயே போய் நிற்கிறது. எத்தனை சென்டிமீட்டர், எத்தனை கட்டி, எந்த மடல் என்று கேள்விகள் அதைச் சுற்றியே வரும். அந்த இடத்துக்குள் போகிற ரத்தக் குழாயைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும், சில சமயம் வராமலே போகும். ஆனால் அறுவை மேசையில் சில நொடிகளில் ரத்தம் கொட்ட வைப்பதும், பிறந்து சில நாளே ஆன குழந்தையின் இதயத்தைத் திணற வைப்பதும், பல வருடம் கழித்து மூளையில் சீழ்க்கட்டி வரக் காரணமாவதும் பெரும்பாலும் குழாய்தான்.

மருத்துவம், நர்சிங், ரேடியாலஜி படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குழந்தையின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு புரியாமல் தவிக்கும் பெற்றோரும் கூடவே வர முடியும். நான் நோயியல் துறையைச் சேர்ந்தவன். வெட்டி எடுத்த நுரையீரலும் நுண்ணோக்கியும் வழியாகத்தான் இந்த விஷயம் எனக்குப் பழக்கம். அதனால் அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முழுக்கட்டுரைக்கும் மூன்று கேள்விகள் போதும். ரத்தம் எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? எந்த அழுத்தத்தில் ஓடுகிறது? நோயின் பெயரைத் தேடுவதற்கு முன்னால் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். பாதி நேரம் பெயர் தானாகவே வந்துவிடும். மீதி நேரம் பெயர் சரியாக அமையாவிட்டாலும் குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

முதல் படி: இயல்பான வரைபடத்தை மனதில் பதியுங்கள்

நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. பெரிய வழி நுரையீரல் தமனி. உடலெங்கும் சுற்றி ஆக்சிஜனை இழந்து திரும்பிய ரத்தத்தை வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து எடுத்துக்கொண்டு போய், காற்று நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளில் சேர்க்கிறது. சின்ன வழி மூச்சுக்கிளைத் தமனிகள். இவை மார்புப் பெருந்தமனியிலிருந்து, பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் பிரிகின்றன. மூச்சுக்கிளைக்குழல்களின் சுவருக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் தருவது இவற்றின் வேலை. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 1 சதவீதம்தான் இந்த வழியாகப் போகிறது. திரும்பும் வழியில் வழக்கமாக நான்கு நுரையீரல் சிரைகள் இடது ஆரிக்கிளில் போய்ச் சேர்கின்றன.

இனி அழுத்தம். வயது வந்தவரின் நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 14, 15 மில்லிமீட்டர் பாதரசம். பெருந்தமனியில் அது 90ஐத் தாண்டும். ஏறக்குறைய ஆறு மடங்கு. நுரையீரலின் குழாய்கள் மெல்லிய சுவரோடு இருப்பது இந்தக் குறைந்த அழுத்தத்துக்காகத்தான். அந்த மெல்லிய குழாய்களுக்குள் பெருந்தமனியின் அழுத்தம் நேராக வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதே இங்கே நாம் பார்க்கப்போகும் மாற்றங்களில் பாதி.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு எப்போதும் கைகொடுக்கும். தமனி மூச்சுக்கிளைக்குழலை விட்டுப் பிரியாது, இரண்டும் ஒரே உறைக்குள் சேர்ந்தே கிளைத்துக்கொண்டு போகும். சிரை தனி வழியில், நுரையீரல் நுண்மடல்களுக்கு இடையிலான தடுப்புகளில் போகும். தமனி நடுவில், சிரை ஓரத்தில். இந்த ஒழுங்கு குலைந்திருக்கிறதா என்று பார்ப்பதே சில நோய்களுக்கு முழுச் சோதனை.

குழந்தையின் வயதையும் மறக்கக் கூடாது. கருவில் நுரையீரல் தமனியின் அழுத்தம் பெருந்தமனிக்குச் சமமாகவே இருக்கும், சுவரும் தடித்திருக்கும். பிறந்து மூச்சு விட்டதும் அழுத்தம் இறங்கத் தொடங்கும், அடுத்த சில வாரங்களில் சுவர் மெலியும். ஆகவே மூன்று நாள் குழந்தையின் தமனி தடித்துத் தெரிந்தால் அது இயல்பாக இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தையில் அதே தடிப்பு நோய்.

இரண்டாம் படி: குழாய்கள் உருவான கதை

கருவின் நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து நுரையீரல் மொட்டு கிளம்புகிறது. அந்த வயதில் அதற்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது. முன்குடலைச் சுற்றியிருக்கும் குழாய்ப் பின்னலில்தான் அது பிழைக்கிறது, அந்தப் பின்னலுக்கு முதுகுப்புறப் பெருந்தமனியின் சிறு கிளைகள் ரத்தம் ஊட்டுகின்றன. அப்புறம் ஆறாவது பெருந்தமனி வளைவிலிருந்து நுரையீரல் தமனி வளர்ந்து வந்து இந்தப் பின்னலோடு சேர்கிறது. புது வழி திறந்ததும் பழைய கிளைகள் சுருங்கி மறைகின்றன.

சிரைகளின் கதையும் இதே மாதிரிதான். தொடக்கத்தில் நுரையீரல் மொட்டின் ரத்தம் உடலின் பொதுச் சிரைகளுக்குள் வடிகிறது. பிறகு இடது ஆரிக்கிளிலிருந்து ஒரு சிரை முளைத்து வந்து இணைகிறது, பழைய வடிகால்கள் அடைபடுகின்றன.

மூட வேண்டிய பழைய வழி மூடாமல் நின்றால் ஒரு வகைக் கோளாறு. திறக்க வேண்டிய புது வழி திறக்காமல் போனால் இன்னொரு வகை. தமனிக்கும் சிரைக்கும் நடுவில் தந்துகி வலை அமையாமல் நேரடி இணைப்பு உண்டானால் மூன்றாவது வகை. மூச்சுக்குழாய் வளர்ச்சியும் குழாய் வளர்ச்சியும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே நடப்பவை. அதனால் ஒன்றில் பிழை வந்தால் மற்றதிலும் தேடிப் பார்ப்பது நியாயம்.

மூன்றாம் படி: மூன்று கேள்விகளோடு ஒவ்வொரு கோளாறாக

முதலில் சிபாம். பிறவி நுரையீரல் காற்றுவழிக் கோளாறு என்று விரித்துச் சொல்லலாம், மருத்துவமனையில் எல்லாரும் சிபாம் என்றே சொல்வார்கள். 1977இல் ஸ்டாக்கர் இதை மூன்று வகையாகப் பிரித்தார், பின்னால் அது 0 முதல் 4 வரை ஐந்து வகையானது. குழாய்க் கணக்கில் இது எளிமையானது. ரத்தம் நுரையீரல் தமனியிலிருந்து வருகிறது, நுரையீரல் சிரைக்குப் போகிறது, அழுத்தம் குறைவு. வரைபடம் இயல்பாகவே இருக்கும், அது ஊட்டும் திசுதான் இயல்பு தவறியது. இப்படிப்பட்ட கட்டிக்குள் பெருந்தமனியிலிருந்து ஒரு கிளை நுழைவதைப் பார்த்தால் அது வெறும் சிபாம் ஆகாது. இரண்டும் கலந்த கோளாறு என்று தனியாகச் சொல்கிறோம்.

அடுத்து சீக்வஸ்ட்ரேஷன். இங்கே கொஞ்சம் நிற்கலாம். இந்தப் பெயரை நுரையீரலுக்கு 1946இல் பிரைஸ் கொண்டுவந்தார். நுரையீரல் திசுவில் ஒரு பகுதி மூச்சுக்குழாய் மரத்தோடு சரியான தொடர்பில்லாமல் ஒதுங்கி நிற்கும், அதற்கு ரத்தம் பெருந்தமனியிலிருந்து வரும். இரண்டு வகை. மடலுக்குள்ளேயே, நுரையீரலின் சொந்த உறைக்குள் இருப்பது மடலகம். தனக்கென்று தனி உறை போர்த்திக்கொண்டு வெளியே நிற்பது மடல்புறம். முன்னது சுமார் முக்கால் பங்கு, பின்னது கால் பங்கு என்பது பாடநூல் கணக்கு. இடது கீழ்மடலும் அதன் அருகும்தான் இரண்டுக்கும் பிடித்த இடம்.

ஊட்டும் தமனி பெரும்பாலும் மார்புப் பெருந்தமனியிலிருந்து வருகிறது. சிலரில் உதரவிதானத்துக்குக் கீழே, வயிற்றுப் பெருந்தமனியிலிருந்தோ அதன் கிளைகளிலிருந்தோ கிளம்பி மேலேறி வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகளும் இருக்கலாம். ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது கேள்வியான ‘எங்கே போகிறது’ என்பதில்தான் இந்த இரண்டு வகைகளும் பிரிகின்றன. மடலகத்தின் ரத்தம் வழக்கமாக நுரையீரல் சிரை வழியாக இடது ஆரிக்கிளுக்கே திரும்புகிறது. இடது வெண்ட்ரிக்கிள் தள்ளிய ரத்தம், உடலுக்கு எந்தப் பயனும் இல்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் இடது பக்கத்துக்கே வருகிறது. இதை இடது-இடது ஷன்ட் என்பார்கள். ஆக்சிஜன் அளவில் எந்தக் குறையும் தெரியாது, குழந்தை நீலம் பாயாது. ஆனால் இடது வெண்ட்ரிக்கிள் வீணாக அதிகப்படி சுமையை இழுத்துக்கொண்டே இருக்கிறது. தமனி பெரிதாக இருந்தால் பிறந்த சில நாட்களிலேயே பால் குடிக்கும்போது வியர்ப்பது, வேகமாக மூச்சு விடுவது என்று இதயச் செயலிழப்பின் அடையாளங்கள் வரும். மடல்புறத்தின் ரத்தம் பெரும்பாலும் அசைகஸ் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை போன்ற பொதுச் சிரைகளுக்குப் போகிறது. அப்போது அது இடது-வலது ஷன்ட். இந்த விதி எல்லா நேரமும் பொருந்தாது. மடல்புற வகையிலும் சிலருக்கு நுரையீரல் சிரைக்குள் வடிவதுண்டு. அதனால் வகையை வைத்துச் சிரையை ஊகிக்காமல், சிரையை நேரில் தேடிப் பாருங்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. நுரையீரல் திசுவும் மூச்சுக்குழாயும் முழுக்க இயல்பு, ஆனால் அந்தப் பகுதிக்கு ரத்தம் பெருந்தமனியிலிருந்து வரும். கட்டியே இல்லாததால் யாரும் தேட மாட்டார்கள். காரணம் தெரியாத இதய முணுமுணுப்பைப் பின்தொடர்ந்து போகும்போதோ, இருமலில் ரத்தம் வந்து சி.டி. எடுக்கும்போதோதான் வெளிப்படும்.

சிமிட்டர் நோய்க்குறி 1836இலேயே விவரிக்கப்பட்டது. வலது நுரையீரலின் சிரை இடது ஆரிக்கிளுக்குப் போகாமல் கீழ்நோக்கி வளைந்து கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்கிறது. எக்ஸ்ரேயில் இதயத்தின் வலது ஓரமாக ஒரு வளைந்த வாள் போலத் தெரிவதால் அந்தப் பெயர். வலது நுரையீரல் சிறுத்திருக்கும், இதயம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும், கீழ்மடலுக்குப் பெருந்தமனிக் கிளை ஒன்று வருவதும் உண்டு. வரவு, செலவு இரண்டு பக்கமும் கணக்கு மாறிப்போன கோளாறு இது. பிறந்த சில வாரங்களிலேயே வெளிப்படும் வகையில் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடிவிடுவதால் அது ஆபத்தானது. பெரியவர்களில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படும் வகை பெரும்பாலும் அமைதியானது.

நுரையீரல் தமனி-சிரை நேரடி இணைப்பு முற்றிலும் வேறு கதை. இதை 1897இல் சர்ட்டன் பதிவு செய்தார். நடுவில் தந்துகி வலை கிடையாது, ரத்தம் தமனியிலிருந்து சிரைக்கு நேராகப் பாய்கிறது. அழுத்தம் குறைவுதான். ஆனால் இரண்டு இழப்புகள். ஒன்று, அந்த ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே இடது ஆரிக்கிளுக்குப் போகிறது. இரண்டு, தந்துகி வலை ஒரு சல்லடை. கால் சிரையில் உண்டாகும் சிறு ரத்தக் கட்டி, பல் ஈறிலிருந்து புகும் கிருமி, சிரை வழியாக நுழையும் காற்றுக் குமிழ் எல்லாவற்றையும் அது தடுத்து வைத்திருக்கும். சல்லடை இல்லாவிட்டால் அவை நேராக மூளைக்குப் போகும். பக்கவாதமும் மூளைச் சீழ்க்கட்டியும் வருவது இப்படித்தான். படுத்திருப்பதைவிட எழுந்து நின்றால் மூச்சுத் திணறல் கூடுவது இதன் தனி அடையாளம். இந்த இணைப்புகள் கீழ்மடல்களில் அதிகம், நிற்கும்போது ரத்தம் அங்கேதான் இறங்குகிறது. இது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பரம்பரையாக வரும் ரத்தக் கசிவு நுண்குழல் விரிவு நோய் இருக்கும். எண்டோக்ளின், ஏசிவிஆர்எல்1, ஸ்மேட்4 ஆகிய மரபணுக்களில் ஒன்றில் மாற்றம் காணப்படும். அடிக்கடி மூக்கிலிருந்து ரத்தம் வருகிற குடும்பமா என்று கேட்க மறக்காதீர்கள்.

மடல் அதிகமாக ஊதிப்போகும் கோளாறில் குழாய்கள் புதிதாக எதுவும் செய்வதில்லை, இழுபட்டு மெலிந்து ஒன்றுக்கொன்று விலகி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த மெலிந்த குழாய்களைப் பார்க்கத் தெரிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கும். எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் கறுப்பாகத் தெரிந்தால் காற்று வெளியே கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது என்று நினைத்து மார்பில் குழாய் செருகும் அவசரம் வரும். கசிந்த காற்றுக்குள் குழாய்க் கோடுகள் எதுவும் இருக்காது. ஊதிய மடலுக்குள் மெல்லிய கோடுகள் ஓரம் வரை போகும். குழாய் செருகுவதற்கு முன் அந்தக் கோடுகளைத் தேடிப் பார்க்க சில நொடிகள் செலவழியுங்கள். மூச்சுக்கிளைக்குழல் அடைப்பிலும் அடைபட்ட பகுதியின் குழாய்கள் இப்படியே மெலிந்திருக்கும், கூடவே சளி தேங்கிய முடிச்சு ஒன்றும் தெரியும்.

உதரவிதானத்தில் உள்ள ஓட்டை வழியாகக் குடல் மார்புக்குள் ஏறிவிடும் உதரவிதானக் குடலிறக்கத்தில், நுரையீரல் முழுதாக வளராததால் குழாய்க் கிளைகளின் எண்ணிக்கையே குறைவு. இருக்கும் தமனிகளில் தசை தடித்து, இயல்பாகத் தசை இல்லாத நுனிக் கிளைகள் வரை பரவியிருக்கும். ஓட்டையைத் தைத்து மூடிய பிறகும் இந்தக் குழந்தைகள் நுரையீரல் ரத்த அழுத்தத்தோடு போராடுவது இதனால்தான்.

ஒரு பக்க நுரையீரல் தமனியே தொடக்கத்தில் அறுந்துபோன நிலையும், இடது நுரையீரல் தமனி வலது தமனியிலிருந்து கிளம்பி மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவில் புகுந்துபோகும் நிலையும் உண்டு. முன்னதில் பெருந்தமனிக் கிளைகளும் விலாவிடைத் தமனிகளும் வீங்கி வந்து ரத்தம் ஊட்டும், பின்னாளில் இருமலில் ரத்தம் வரக் காரணமாகும். பின்னதில் குழாய் மூச்சுக்குழலை நெரிக்கும், பல குழந்தைகளில் மூச்சுக்குழலின் குருத்தெலும்பும் முழு வளையமாக இறுகியிருக்கும்.

நான்காம் படி: கருவில் பார்ப்பது

பெரும்பாலான கோளாறுகள் இப்போது 18 முதல் 20 வார ஸ்கேனில் தெரிந்துவிடுகின்றன. வெண்மையாக ஒரு திரள் தெரிந்ததும் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வண்ண டாப்ளரைப் போட்டுப் பெருந்தமனியை நீளவாக்கில் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு கிளம்பித் திரளுக்குள் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய குழாய்களில் ஓட்டம் மெதுவாக இருக்கும், வேக அளவைக் குறைத்து வைத்தால்தான் தெரியும். உதரவிதானத்துக்குக் கீழேயும் பாருங்கள். அங்கே இருக்கும் மடல்புறத் திரளை அட்ரினல் கட்டி என்று எடுத்துக்கொள்வது எளிது.

திரளின் அளவைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 0.52ஆல் பெருக்கி, குழந்தையின் தலைச் சுற்றளவால் வகுக்க வேண்டும். விடை 1.6ஐத் தாண்டினால் உடலெங்கும் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் அதிகம், அடிக்கடி ஸ்கேன் தேவை. இந்த எண் திரளின் பருமனை மட்டுமே சொல்லும். மடல்புறத் திரளில் சிரை முறுக்கிக்கொண்டோ நசுங்கியோ போனால், திரள் சின்னதாக இருந்தாலும் மார்புக்குள் நீர் நிரம்பி இதயத்தை ஒரு பக்கம் தள்ளும். ஆகவே எண்ணோடு சேர்த்துக் குழாயையும் மார்பு நீரையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல திரள்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சிறுத்து, சுற்றியுள்ள நுரையீரலின் நிறத்துக்கே வந்து ஸ்கேனில் காணாமல் போகும். மறைந்துவிட்டது என்று நிம்மதி அடைவது இயற்கைதான், ஆனாலும் பிறந்த பிறகு சி.டி. எடுக்காமல் விட்டுவிட வேண்டாம். ஊட்டும் குழாய் அங்கேயே இருக்கலாம்.

ஐந்தாம் படி: பிறந்த பிறகு சி.டி. ஆஞ்சியோகிராம்

மூச்சுத் தொல்லை இருந்தால் உடனே, இல்லாவிட்டால் பெரும்பாலான மையங்கள் சில மாதங்கள் காத்திருந்து எடுக்கின்றன. கதிர்வீச்சைக் குறைக்க ஒரே ஒரு சுற்று, அதுவும் தமனியில் சாயம் நிறைந்திருக்கும் நேரத்தில். படத்தின் கீழ் எல்லை உதரவிதானத்தில் நின்றுவிடக் கூடாது. மேல்வயிற்றுத் தமனிகள் பிரியும் இடம் வரை வர வேண்டும். இதை முன்கூட்டியே டெக்னீஷியனிடம் சொல்லிவிட வேண்டும், இன்னொரு முறை குழந்தையை மயக்கி எடுக்கச் சொல்வது கொடுமை.

படம் திரைக்கு வந்ததும் நான் பின்பற்றச் சொல்லும் வழி இது. நுரையீரல் பக்கம் போகாதீர்கள். பெருந்தமனியின் வளைவில் நின்று, ஒவ்வொரு வெட்டாகக் கீழே இறங்குங்கள். பெருந்தமனி ஒரு வெண்மையான வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்தின் ஓரத்தை மட்டும் பாருங்கள். விலாவிடைத் தமனிகள் பின்னால் ஜோடி ஜோடியாகப் பிரியும், அவற்றை விட்டுவிடுங்கள். எட்டாவது, ஒன்பதாவது முள்ளெலும்பு மட்டத்தில் வட்டத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூக்கு முளைக்கும். அடுத்த வெட்டில் அது நீளும், அதற்கடுத்ததில் வட்டத்தை விட்டுப் பிரிந்து தனிப் புள்ளியாகும். இனி அந்தப் புள்ளியைக் கண்ணிலிருந்து விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள். நுரையீரலின் கீழ் இணைப்பு மடிப்பு வழியாக வெளிப்பக்கம் நகர்ந்து, கீழ்மடலின் பின்பகுதியில் கிளை கிளையாக விரியும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் திசுவைப் பார்க்க வேண்டும். பிறகு அதே இடத்திலிருந்து வெளியேறும் சிரையைப் பிடித்துப் பின்னோக்கி வாருங்கள், இடது ஆரிக்கிளில் முடிகிறதா வேறெங்காவது முடிகிறதா என்று.

முப்பரிமாணப் படம் கண்ணுக்கு அழகாக இருக்கும், அறுவை மருத்துவருக்கு மிகவும் உதவும். ஆனால் மெல்லிய இரண்டாவது தமனியை அது விழுங்கிவிடலாம். தட்டையான வெட்டுகளில் தேடி முடித்த பிறகே அதற்குப் போங்கள்.

தமனி-சிரை நேரடி இணைப்புச் சந்தேகம் என்றால் முதல் சோதனை குமிழ் எக்கோ. சிரையில் நுண்குமிழ் கலந்த உப்புநீர் செலுத்தி இதயத்தைப் பார்ப்பார்கள். இதயத்துக்குள்ளேயே ஓட்டை இருந்தால் குமிழ்கள் உடனே இடது பக்கம் வரும். நுரையீரல் வழியாக வந்தால் மூன்று நான்கு துடிப்புகள் தாமதித்து வரும். அந்தத் தாமதமே விடை.

ஆறாம் படி: சிகிச்சையில் குழாய்க்கே முதலிடம்

சீக்வஸ்ட்ரேஷன் அறுவையில் முதல் வேலை ஊட்டும் தமனியைக் கண்டுபிடித்துக் கட்டுவது. அது பெருந்தமனியின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது, சுவர் நொறுங்கும் தன்மை உடையது. கட்டு நழுவினால் அறுந்த முனை உதரவிதானத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும், மார்புக்குள்ளிருந்து அதைப் பிடிக்க முடியாது. அதனால் இரட்டைக் கட்டு, அதன் பிறகே வெட்டு. சிரையை வெட்டும் முன்னும் ஒரு நிதானம் வேண்டும். அந்தப் பக்கத்தின் இயல்பான நுரையீரலும் அதே சிரையை நம்பியிருக்கலாம்.

இதயச் செயலிழப்போடு வரும் பச்சிளம் குழந்தைக்குச் சில சமயம் தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஊட்டும் தமனியை முதலில் அடைத்துவிடுவார்கள். இதயம் தேறியதும் அறுவை. தமனி-சிரை நேரடி இணைப்புக்கோ இந்த அடைப்பு முறையே முதன்மைச் சிகிச்சை. ஊட்டும் தமனி 2, 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக அடைக்கிறார்கள்.

அறிகுறியே இல்லாத சிபாமை எடுப்பதா, பார்த்துக்கொண்டே இருப்பதா என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பெருந்தமனிக் கிளை உள்ள கோளாறை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அந்தக் குழாய் வருடத்துக்கு வருடம் மோசமாவதை அடுத்த படியில் பார்க்கப்போகிறோம்.

ஏழாம் படி: வெட்டி எடுத்த திசுவும் ஸ்லைடும்

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த ஒரு கீழ்மடலில் விண்ணப்பத் தாள் சிபாம் என்று மட்டும் சொன்னது. கட்டிகளின் அழகில் மயங்கி நேராக நடுவில் வெட்டிவிட்டேன். உள்ஓரத்தில் இருந்த ஒரு சிறிய உலோகக் கிளிப் பிறகுதான் கண்ணில் பட்டது. அதற்குள் தமனி எந்தக் கட்டிக்குள் போனது என்று பின்தொடர முடியாதபடி துண்டாகியிருந்தது. அன்றிலிருந்து எந்த மடல் வந்தாலும் கத்தியை எடுக்கும் முன் ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்க்கிறேன்.

பார்க்க வேண்டிய இடம் மூச்சுக்குழாய் நுழையும் வாசலிலிருந்து விலகிய உள்ஓரமும் உதரவிதானப் பக்கமும். அங்கே கிளிப், தையல், ஸ்டேபிள் எது இருந்தாலும் அதற்குள் ஒரு குழாய் இருக்கிறது என்று பொருள். கிளிப்பைக் கழற்றினால் தமனியின் வாய் மூடாமல் வட்டமாக விறைத்து நிற்கும், சுவர் வெண்மையாக, ரப்பர் போல விரலுக்குத் தட்டுப்படும். பக்கத்திலுள்ள நுரையீரல் சிரை அமுங்கித் தட்டையாகக் கிடக்கும். இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். எத்தனை குழாய், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டு, முனையிலிருந்து ஒரு குறுக்குவெட்டும், உள்ளே கிளைக்கும் இடத்தில் இன்னொன்றும் எடுங்கள். மூச்சுக்கிளைக்குழலையும் நுனிக் கத்தரியால் திறந்துகொண்டே போங்கள். சிபாம், சீக்வஸ்ட்ரேஷன் என்று வந்த பல மாதிரிகளில் எங்கோ ஓர் இடத்தில் அது முட்டி நிற்பது தெரியும்.

ஸ்லைடில் சாதாரண ஹெச் அண்ட் ஈ சாயம் மட்டும் போதாது. மீள்நார்ச் சாயம் கட்டாயம் வேண்டும். அதில் மீள்நார்கள் கறுப்பாகவும், கொலாஜன் சிவப்பாகவும், தசை மஞ்சளாகவும் விழும். இயல்பான சிறிய நுரையீரல் தமனி இரண்டு கறுப்புக் கோடுகளும் நடுவில் மெல்லிய மஞ்சள் பட்டையுமாக இருக்கும். சிரைக்கு ஒரே ஒரு கோடு, அதுவும் பிசிறாக. சீக்வஸ்ட்ரேஷனை ஊட்டும் தமனியோ அதன் பருமனுக்குப் பொருந்தாதபடி கறுப்பு வரிகளை அடுக்கடுக்காக வைத்திருக்கும், பெரிய நுரையீரல் தமனியின் சுவர் மாதிரி. குறைந்த அழுத்தத்துக்கான அமைப்பு, ஆனால் உள்ளே ஓடுவது பெருந்தமனி அழுத்தம். அதனால்தான் வயது ஏற ஏற இந்தச் சுவரில் கொழுப்புப் படிவும், சுண்ணாம்பும், சில நேரம் பலூன் போன்ற வீக்கமும் முன்கூட்டியே வந்துவிடுகின்றன.

உள்ளே போகப் போக அழுத்தத்தின் தடயங்கள் தொடரும். நடுத்தசை தடித்திருக்கும், உள்சுவரில் நார்த்திசு வளர்ந்து குழாயின் வாய் குறுகியிருக்கும். சில மாதிரிகளில், கடுமையான நுரையீரல் ரத்த அழுத்த நோயில் காணும் பின்னல் போன்ற குழாய்க் கொத்துகள்கூடத் தென்படும். நோயாளியின் மற்ற நுரையீரலில் அழுத்தம் முழுக்க இயல்பாகவே இருக்கலாம். இந்த மாற்றங்கள் அந்தத் துண்டுக்கு மட்டும் உரியவை என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதாவிட்டால் படிப்பவர் பதறிப்போவார்.

ஒரு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்து ஓரிரு நாளில் நீலம் பாய்ந்து, நுரையீரல் குழாய்களைத் தளர்த்தத் தரும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவுக்கும் நிலையாகத் தேறாமல் போகும் குழந்தையின் நுரையீரலில், சிரைகள் தடுப்பில் இருக்க வேண்டிய இடத்தை விட்டு, தமனிக்கு அருகிலேயே, அதே உறைக்குள் படுத்திருக்கும். தந்துகிகள் குறைவாகவும், காற்று நுண்ணறைச் சுவரின் ஓரத்துக்கு வராமல் நடுவிலும் இருக்கும். சிறு தமனிகள் தடித்திருக்கும். தந்துகிக் குறைவும் சிரை இடமாற்றமும் சேர்ந்த இந்த நோயில் பெரும்பாலும் பதினாறாவது குரோமோசோமில் உள்ள ஃபாக்ஸ்எஃப்1 மரபணுவில் மாற்றம் இருக்கும். முதல் படியில் சொன்ன ‘தமனி நடுவில், சிரை ஓரத்தில்’ என்ற ஒழுங்கு மனதில் இருந்தால் ஸ்லைடைப் பார்த்ததுமே இது பிடிபடும். சந்தேகம் வந்தால் மீள்நார்ச் சாயத்தில் ஒரு கோடா இரண்டு கோடா என்று எண்ணுங்கள். சிடி31, சிடி34 சாயங்கள் தந்துகிகளைத் துலக்கிக் காட்டும், டி2-40 நிணநீர்க் குழாய்களைத் தனியே பிரிக்கும்.

ரிப்போர்ட்டில் பெயருக்கு முன்னால் குழாய் வரி ஒன்று இருக்கட்டும். ஊட்டும் தமனி எத்தனை, எந்தப் பக்கம் நுழைகிறது, என்ன அளவு, சுவர் எந்த வகை, சிரை எங்கே வெளியேறுகிறது, அழுத்த மாற்றங்கள் உண்டா இல்லையா. சிரையின் முடிவிடம் மாதிரியில் தெரியாது, அதை சி.டி.யிலிருந்தும் அறுவைக் குறிப்பிலிருந்தும் கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்குப் போன பிறகு

சீக்வஸ்ட்ரேஷனை முழுமையாக எடுத்துவிட்டால் குழாய்க் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இதயம் பெரிதாகியிருந்தால் எக்கோவில் அது சுருங்கி வருவதைப் பார்க்கலாம்.

தமனி-சிரை நேரடி இணைப்பு அப்படி முடிவதில்லை. அடைத்த இடம் மறுபடி திறக்கலாம், சின்ன இணைப்புகள் வளரலாம். அடைத்த பின் 6 முதல் 12 மாதத்தில் ஒரு சி.டி., பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று தொடர வேண்டும். பரம்பரை நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பரிசோதிக்க வேண்டும். பல் வைத்தியத்துக்கு முன் ஆன்டிபயாட்டிக் தேவை. ஆழ்கடல் டைவிங் வேண்டாம். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எவ்வளவு சின்னக் காய்ச்சலாக இருந்தாலும், சிரையில் டிரிப் போட வருபவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: இந்தக் குழந்தைக்கு நுரையீரலில் சல்லடை இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, டிரிப் குழாயில் ஒரு காற்றுக் குமிழ்கூட இருக்கக் கூடாது, வடிகட்டி இருந்தால் அதையும் மாட்டுங்கள்.